பையில் கொண்டுவந்த படங்கள்

(கோலார் தங்கவயலில் மாலை நேரத் தொடர்கல்வி வகுப்பு ஒன்றில் போட்டோக்காரர் ஒருவர் பேசியது)



உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். ராபர்ட்சன்பேட்டையில் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். உங்கள் கல்யாணத்தில் பளிச்சென்று வெளிச்சம் அடித்துக் கண்ணைக் கூச வைத்தவன் நான்தான். "தோளை இறக்குங்க, தலையைக் கொஞ்சம் தூக்குங்க, அசையாதீங்க" என்று உங்களை அதட்டியவனும் நான்தான். இப்போது ஸ்டூடியோ இல்லை. எல்லார் கையிலும் கேமரா வந்துவிட்டது. என்னிடம் வர ஆள் இல்லை. கடையைப் பூட்டிவிட்டேன். அதில் வருத்தம் உண்டு. யார் மேலும் கோபம் இல்லை.

கடையைப் பூட்டிய பிறகு ஒரு பழக்கம் வந்தது. என் மகள் எனக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தாள். அதில் இணையத்தைத் திறந்து, பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்ப்பேன். உலகத்தில் உள்ள பெரிய பெரிய கண்காட்சிக் கூடங்கள் தங்களிடம் உள்ள படங்களை எல்லாரும் பார்க்கும்படி அதில் போட்டிருக்கிறார்கள். காசு கேட்பதில்லை. மனதுக்குப் பிடித்த படம் கிடைத்தால், அதைப் பிரிண்ட் போட்டு இந்தத் துணிப்பையில் வைத்துக்கொள்வேன். உங்கள் டீச்சர் ஒருநாள் பையைப் பார்த்துவிட்டார். "வீட்டில் வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்" என்றார். கொண்டுவந்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படம் கைக்கு வந்ததும் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதோ, முதல் படம். ஒரு தெரு. இரண்டு பக்கமும் பெரிய வீடுகள், வரிசையாக மரங்கள். பிரான்ஸ் தேசத்தில் பாரிஸ் நகரம். எடுத்தது 1838ஆம் வருஷம். எடுத்தவர் பெயர் டாகேர்.

இந்தப் படத்துக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். நம் லைன் வீடுகளில் தகரம் அடித்த சுவர் இருக்கும் அல்லவா? மத்தியான வெயிலில் கதவைச் சாத்திப் படுத்திருக்கும்போது, தகரத்தில் உள்ள ஆணி ஓட்டை வழியாக வெளிச்சம் உள்ளே வரும். எதிர்ச் சுவரைப் பாருங்கள். தெருவில் போகிற ஆள் அங்கே தலைகீழாகப் போவார். சின்ன வயதில் நாங்கள் அதைச் சினிமா என்று சொல்லிப் பார்ப்போம். கேமரா என்பது அந்த இருட்டு வீடுதான். வேறொன்றும் இல்லை. ஓட்டையில் ஒரு கண்ணாடி வில்லை வைத்தால் உருவம் தெளிவாக விழும். இது மனிதர்களுக்கு வெகு காலமாகத் தெரியும். விழுந்த உருவத்தைப் பிடித்து வைப்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆள் நகர்ந்ததும் உருவமும் போய்விடும்.

அதை முதலில் பிடித்து நிறுத்தியவர் நியெப்ஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர். 1826 அல்லது 1827ஆம் வருஷம். தார் போன்ற ஒரு பொருளை ஒரு உலோகத் தகட்டில் பூசி, கேமராவுக்குள் வைத்து, தன் வீட்டு மாடி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார். வெளிச்சம் பட்ட இடத்தில் தார் இறுகியது. படாத இடத்தில் இறுகவில்லை. எண்ணெய் ஊற்றிக் கழுவினார். இறுகாதது போய்விட்டது. கூரையும் சுவரும் மங்கலாகத் தகட்டில் நின்றன. அதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? எட்டு மணி நேரத்துக்குக் குறையாது என்கிறார்கள். அதனால் அந்தப் படத்தில் வீட்டின் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் அடிக்கும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் ஒரே படத்தில்!

டாகேர் அதைக் குறைத்தார். செப்புத் தகட்டில் வெள்ளி பூசி, அயோடின் ஆவி காட்டி, கேமராவில் வைத்து எடுத்து, பிறகு பாதரச ஆவி காட்டினார். பாதரசம் உங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த சரக்குதான். இங்கே மில்லில் அரைத்த கல்லிலிருந்து தங்கத்தைப் பிடிக்க அதைத்தான் முன்பு பயன்படுத்தினார்கள். எங்கள் தொழிலில் வெள்ளி கடைசிவரை இருந்தது. பிலிமில் பூசியிருப்பது வெள்ளி உப்பு. நாங்கள் கழுவிய பழைய ஹைப்போத் தண்ணீரைக்கூட வெள்ளி எடுப்பவர்கள் வந்து கேன் கேனாக வாங்கிப் போவார்கள். அந்தக் காசில் தீபாவளிக்குப் பட்டாசு வாங்கியிருக்கிறேன்.

சரி, படத்தைப் பாருங்கள். தெருவில் யாராவது இருக்கிறார்களா? காலியாகத் தெரிகிறது அல்லவா? உண்மையில் அது நெரிசலான தெரு. குதிரை வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் படம் பதியச் சில நிமிஷம் ஆயிற்று. அதற்குள் வண்டி போய்விடும், ஆள் போய்விடுவார். ஓடுகிற எதுவும் தகட்டில் தங்கவில்லை.

இடது பக்கம் கீழே பாருங்கள், மூலையில். அந்த அக்கா கண்டுபிடித்துவிட்டார்! ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து நிற்கிறார். ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். போட்டுவிடுகிறவரும் குனிந்தபடி தெரிகிறார். அத்தனை பெரிய தெருவில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அதனால் அவர் படத்தில் நின்றுவிட்டார். நமக்குத் தெரிந்தவரை, போட்டோவில் முதல்முதலாக விழுந்த மனிதர்கள் இந்த இரண்டு பேர்தான். ராஜா இல்லை, மந்திரி இல்லை. ஷூ துடைத்துக் கூலி வாங்குகிற தொழிலாளி ஒருவர், கால் நீட்டிய ஆள் ஒருவர். இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது.

1839ஆம் வருஷம் ஆகஸ்டு 19ஆம் தேதி பிரான்ஸ் அரசாங்கம் இந்த முறையை ஊர் உலகத்துக்கெல்லாம் சொல்லிவிட்டது. அந்த நாளைத்தான் இன்றைக்கும் உலகப் போட்டோ நாள் என்று கொண்டாடுகிறோம்.

அடுத்த படம் கொஞ்சம் நீளம். நாலு பேர் சேர்ந்து பிடியுங்கள். மடிக்காதீர்கள். நான் சின்னதாக்கித்தான் பிரிண்ட் போட்டிருக்கிறேன். அசல் ஏறக்குறைய 19 அடி நீளம்.

இது தஞ்சாவூர்ப் பெரிய கோயில். ராஜராஜ சோழன் கட்டியது. கோபுரம் எங்கே என்று தேடாதீர்கள். இதில் கோபுரம் இல்லை. கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்லில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்தை மட்டும் எடுத்திருக்கிறார் இவர். லினேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. மதராஸ் அரசாங்கம் அவரைப் போட்டோ எடுக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டது. 1858ஆம் வருஷம் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை என்று போனார். எவ்வளவு சாமான் தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும்! அப்போது பிலிம் கிடையாது. காகிதத்தில் மெழுகு ஏற்றி, மருந்து பூசி, அதையே நெகட்டிவாக வைத்து எடுத்தார். நம் ஊர் வெயிலில் மெழுகை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடு பட்டாரோ!

ஒரே படத்தில் கல்வெட்டு முழுவதும் அடங்காது. அதனால் கேமராவைத் தள்ளித் தள்ளி வைத்து எடுத்தார். 21 படங்கள். அவற்றை வரிசையாக ஒட்டியதுதான் இந்த நீளம். தஞ்சாவூருக்குப் போக முடியாதவர்களும் அந்த எழுத்தை உட்கார்ந்த இடத்தில் படிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை. எழுத்தைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறோமே, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்புகிறோமே, அதே வேலைதான். அவர் 1858இலேயே செய்துவிட்டார்.

டிரைப் பற்றி இன்னொரு விஷயம் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்து மருந்தில் வானம் சரியாக விழாது. வெறும் வெள்ளையாக வரும். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதனால் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் வரைந்தார்! அவருடைய வேறு படங்களில் வானத்தில் அழகான மேகம் இருக்கும். பாதி அவர் போட்ட மேகம். கல்லெழுத்தை ஓர் எழுத்துக்கூட விடாமல் எடுத்த அதே மனிதர்தான், இல்லாத மேகத்தையும் வரைந்தார்.

எனக்கு ஏன் சிரிப்பு வந்தது? நானும் அதைத்தான் செய்தேன். ஸ்டூடியோவில் அதற்கு டச்சிங் என்று பெயர். கூரான பென்சிலை வைத்து நெகட்டிவில் முகப்பருவை எடுப்போம். கண்ணுக்குக் கீழே உள்ள கருப்பைக் குறைப்போம். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படம் என்றால் இன்னும் கொஞ்சம் கைவேலை செய்வோம். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் பெயர் சொல்ல மாட்டேன்.

அதைவிடப் பெரிய கைவேலையும் உண்டு. சாம்பியன் ரீப்பிலிருந்து ஒரு அம்மா வந்தார். அவருடைய வீட்டுக்காரர் சுரங்கத் தூசி நெஞ்சில் ஏறி இறந்துபோயிருந்தார். அவருக்குத் தனியாகப் படமே கிடையாது. அந்தக் காலத்தில் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள். ஷிப்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஹெல்மெட்டோடு எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ ஒன்று மட்டும் இருந்தது. அதில் அவர் முகம் ஒரு கடலை அளவு. "இதுலேருந்து அவரை எடுத்து என் பக்கத்துல நிக்க வைக்க முடியுமா?" என்று கேட்டார்.

செய்தேன். அந்த முகத்தைத் தனியாக எடுத்துப் பெரிதாக்கி, ஹெல்மெட்டை மறைத்துத் தலைமுடி வரைந்து, வேறொருவர் போட்டிருந்த வெள்ளைச் சட்டையில் பொருத்தி, அந்த அம்மாவை எடுத்த படத்தோடு சேர்த்து ஒட்டி, மறுபடியும் அதைப் படம் எடுத்தேன். நாலு நாள் வேலை. அம்மா வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் தள்ளி நிக்க வையுங்க. இவ்வளவு ஒட்டி எல்லாம் அவரு நிக்க மாட்டாரு" என்றார். ஒரு விரல் அகலம் தள்ளி வைத்துத் திரும்பச் செய்து கொடுத்தேன். இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. மாலை போட்டு விளக்கு வைக்கிறார்கள்.

அப்படி ஒரு நிமிஷம் எந்த ஊரிலும் நடக்கவில்லை. அந்த இரண்டு பேரும் சேர்ந்து கேமரா முன்னால் நின்றதே இல்லை. அப்படியானால் அது பொய்ப் படமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும். கேட்டதே அவர்தான். யாரையும் அது ஏமாற்றவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் இதற்கு வருவேன்.

இங்கே பெண்கள் அதிகமாக இருக்கிறீர்கள். அதனால் அடுத்ததைத் தேடிப் பிடித்தேன். ஐதராபாத் நிஜாமிடம் லாலா தீனதயாள் என்று பெரிய போட்டோக்காரர் இருந்தார். திரைபோட்டு வாழ்ந்த பெண்களுக்கென்று 1892ஆம் வருஷம் அங்கே தனி ஸ்டூடியோ வைத்தார். உள்ளே ஆண்கள் யாரும் போகக்கூடாது. படம் எடுத்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள். சரி, படம் எடுத்துக்கொள்ள வழி கிடைத்தது. நம் பெண்கள் கேமராவுக்குப் பின்னால் வந்து நின்றது எப்போது?

இதோ பாருங்கள். சேலை கட்டி, கையில் பெரிய கேமரா பிடித்து நிற்கிறார். ஹோமாய் வியாரவாலா. குஜராத்தில் நவ்சாரியில் 1913ஆம் வருஷம் பிறந்தவர். பத்திரிகைக்குப் படம் எடுக்கும் தொழிலில் இந்தியாவின் முதல் பெண் என்று இவரைச் சொல்கிறார்கள். முதலில் இவர் எடுத்த படங்கள் இவர் பெயரில் வரவில்லை. புருஷன் பெயரில் வந்தன. பெண் எடுத்த படம் என்றால் யார் போடுவார்கள்? 1942இல் டெல்லிக்குப் போனார். சாமானைச் சுமந்துகொண்டு சேலையோடு சைக்கிளில் போய்ப் படம் எடுத்தார். 1947 ஆகஸ்டில் சுதந்திரக் கொடி ஏறியதை எடுத்தார். காந்தியின் இறுதி ஊர்வலத்தை எடுத்தார். நேரு புறாவைப் பறக்கவிடுகிற படம் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவர் எடுத்ததுதான்.

ஆனால் ஒரு படம் எடுக்க முடியாமல் போனதை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1948 ஜனவரி 30ஆம் தேதி காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பினாராம். "நாளைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போகலாம்" என்று வீட்டுக்காரர் திரும்பக் கூப்பிட்டாராம். திரும்பிவிட்டார். அன்று சாயங்காலம்தான் காந்தியைச் சுட்டார்கள். எங்கள் தொழிலில் உள்ள எல்லாருக்கும் இப்படி ஒரு எடுக்காத படம் இருக்கும். 1970இல் வேலையை விட்டார். 2011இல் அரசாங்கம் பத்மவிபூஷண் கொடுத்தது. மறு வருஷமே காலமானார்.

அடுத்தது, அந்தப் பையன் ஆசையாகப் பார்க்கிறானே, அது. சாம்பல் மண். நடுவில் நாலு காலோடு ஒரு பெட்டி. நிலாவில் நிற்கிற நம்முடைய விக்ரம் லேண்டர். சந்திரயான்-3, 2023 ஆகஸ்டு 23ஆம் தேதி இறங்கியது. அதிலிருந்து பிரக்யான் என்ற சின்ன வண்டி கீழே உருண்டு இறங்கியது. எடை 26 கிலோ. ஆகஸ்டு 30ஆம் தேதி அது திரும்பிப் பார்த்து, தன்னைச் சுமந்துவந்த லேண்டரையே படம் எடுத்தது. பிள்ளை தாயைப் படம் எடுத்தது மாதிரி. அந்தக் கேமராவைச் செய்தது நம் பக்கத்தில், பெங்களூரில் உள்ள ஆய்வுக்கூடம். காலை ரயிலில் போனால் பத்து மணிக்குள் போய்விடுகிற ஊர்.

அங்கே பிலிம் யார் கழுவியது? யாரும் கழுவவில்லை. இதைப் புரிந்துகொள்ளப் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தை லட்சக்கணக்கான புள்ளிகளாகக் கேமரா பிரித்துவிடும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கருப்பு என்று ஓர் எண் போடும். வண்டி அந்த எண்களை லேண்டருக்குச் சொல்லும். லேண்டர் ரேடியோ அலையில் பூமிக்குச் சொல்லும். நிலா இருக்கும் தூரம் சுமார் 3,84,000 கிலோமீட்டர். அலை வந்துசேர ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இங்கே அந்த எண்களை வாங்கி, அதே வரிசையில் புள்ளி வைத்தால் படம் வந்துவிடும். உங்கள் செல்போனிலும் இதே வேலைதான் நடக்கிறது.

எண்ணாக இருப்பதால் இன்னொரு காரியமும் எளிதாகிவிட்டது. எண்ணை மாற்றினால் புள்ளி மாறும். புள்ளி மாறினால் படம் மாறும். நான் நாலு நாள் உட்கார்ந்து செய்ததை இப்போது ஒரு பள்ளிக்கூடப் பையன் நாலு நிமிஷத்தில் செய்வான். படமே இல்லாமல், இப்படி ஒரு படம் வேண்டும் என்று வாயால் சொன்னால் செய்துகொடுக்கும் கம்ப்யூட்டரும் வந்துவிட்டது.

பையில் வேறு படம் இல்லை. கடைசிப் படத்தை நான் கொண்டுவரவில்லை. அதை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

2018ஆம் வருஷம், மே மாதம். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் இரவு எனக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி வரிசையாகக் கிடத்திய குழந்தைகள். உறுப்புகளை எடுத்துவிட்டுப் போட்டுவிட்டார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கீழே எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. பேத்தி பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எதையும் யோசிக்கவில்லை. எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அதிலிருந்து யார் யாருக்குப் போயிற்றோ! காலையில் மாரிக்குப்பம் ரயிலில் வேலைக்குப் போனவர்கள் கையில் எல்லாம் அந்தப் படம் இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் பதினோரு மணி இருக்கும். ஒரு பையன் ஓடிவந்தான். "அண்ணா, பிள்ளை பிடிக்கிறவனைப் பிடிச்சிட்டாங்க!" என்றான். போனேன். சேலை மூட்டை சுமந்து வந்த வடக்கத்தி ஆள் ஒருவர். நம் பாஷை சரியாக வரவில்லை. சுற்றிலும் இருபது முப்பது பேர். ஒருவர் சட்டையைப் பிடித்திருந்தார். மூட்டை அவிழ்ந்து மண்ணில் கிடந்தது. இன்னொருவர் செல்போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "இதோ பாருங்கய்யா, நம்ம போட்டோக்காரரே அனுப்பியிருக்காரு. அவருக்குத் தெரியாத படமா?"

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ அனுப்பியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருக்க மாட்டார்கள்.

அப்போது எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். இதே மாதிரி மாலை வகுப்பில், நாற்பது வயதுக்குமேல் எழுத்துப் படித்தவர். செல்போனை வாங்கிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். "அண்ணே, கீழ ஓரத்துல சின்னதா ஏதோ எழுதியிருக்கே. அது தமிழ் இல்ல. கன்னடம் இல்ல, தெலுங்கும் இல்ல. மசூதி வாசல்ல இருக்கிற எழுத்து மாதிரி இருக்கு. இது எந்த ஊர் படம்?" என்று கேட்டார்.

நான் பார்த்தேன். எழுத்து இருந்தது. இரவு அது என் கண்ணில் படவே இல்லை. முப்பத்திரண்டு வருஷம் படம் பார்த்த கண் எனக்கு. முகத்தை மட்டும் பார்த்துப் பழகிவிட்டது. புதிதாக எழுத்துப் படித்தவர்களுக்கு அப்படி இல்லை. எழுத்து எந்த மூலையில் இருந்தாலும் அவர்கள் கண் முதலில் அங்கே போகும். பஸ் பலகை, பிஸ்கட் காகிதம் எதையும் விடமாட்டார்கள்.

"எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். "தெரியாமலா அனுப்பினீங்க?" என்று அக்கா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சட்டையைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டார். அக்கா குனிந்து சேலைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மடித்துக் கட்டிக்கொடுத்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ஆள் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. கை அப்படி நடுங்கியது. அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வரவே இல்லை.

சாயங்காலம் என் மகள் தேடிப் பார்த்தாள். படத்தையே கொடுத்து, இது வேறு எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று இணையத்தில் தேட வழி உண்டு. கூகுள் லென்ஸ் என்று ஒன்று செல்போனிலேயே இருக்கும். அந்தக் குழந்தைகள் சிரியா தேசத்துக் குழந்தைகள். 2013இல் போரில் விஷப் புகை போட்டதில் இறந்தவர்கள். ஐந்து வருஷம் பழைய படம். எங்கேயோ பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தை எடுத்து, இங்கே வேறு ஆளை அடிக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். படத்தில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்றவில்லை. கீழே எழுதியதுதான் பொய்.

ஒரு வீடியோவும் அப்போது சுற்றியது. மோட்டார் சைக்கிளில் வருகிற இரண்டு பேர் விளையாடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானில் கராச்சியில், பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக நடித்து எடுத்த படம். கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள்.

எங்கள் தெருவில் பூக்கார அக்கா இருந்தார். எல்லா ஊரிலும் அப்படி அமையவில்லை. அதே மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குப் போன குடும்பம் வழியில் வண்டியை நிறுத்தியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் அந்த அம்மா. வயது 65. அடித்தே கொன்றுவிட்டார்கள். அதே மாதம் பெங்களூரில், பிழைக்க வந்த ராஜஸ்தான் வாலிபர் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். ஜூலை 1ஆம் தேதி, மகாராஷ்டிரத்தில் துலே மாவட்டத்தில் ரயின்பாடா என்ற சிற்றூர். வாரச் சந்தை நாள். ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கிற நாடோடிச் சாதியார் ஐந்து பேர். ஒரு குழந்தையிடம் பேசினார்கள் என்று பிடித்து, ஐந்து பேரையும் அடித்துக் கொன்றார்கள். அந்த மாதம்தான், ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப்பில் கட்டுப்பாடு வந்தது. நான் அனுப்பியது ஒரே ஒரு குழுவுக்குத்தான். அது போதுமாக இருந்தது.

அதனால்தான், கைக்கு வந்ததும் தள்ளிவிடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். படத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பேன். கடைப் பலகை, வண்டி நம்பர், சுவரொட்டி. அது எந்த மொழி? பிறகு மரத்தைப் பார்ப்பேன், உடுப்பைப் பார்ப்பேன். நம் ஊர் என்று சொன்னால் நம் ஊர் மாதிரி இருக்கிறதா? அனுப்பியவரைக் கூப்பிட்டு, நீங்கள் நேரில் பார்த்தீர்களா என்று கேட்பேன். இல்லை, யாரோ அனுப்பினார்கள் என்பார். அத்தோடு விட்டுவிடுவேன். கம்ப்யூட்டர் வரைந்த படத்தில் விரல் ஆறு இருக்கும், எழுத்து கோணலாக இருக்கும் என்று முன்பு கண்டுபிடித்துவிடலாம். இப்போது அதையும் சரியாகப் போடப் பழகிவிட்டது. கண்ணை மட்டும் நம்பி நான் எதுவும் சொல்வதில்லை, போட்டோக்காரனாக இருந்தும்.

சாம்பியன் ரீப் அம்மாவின் படத்தை நான் ஒட்டிச் செய்தேன், யாருக்கும் கெடுதல் இல்லை. இந்தப் படத்தில் ஒட்டு வேலையே இல்லை, ஒரு உயிர் போகப் பார்த்தது. இரண்டையும் வைத்து நான் பல ராத்திரி யோசித்திருக்கிறேன்.

நேரமாகிவிட்டது. டீச்சர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு வீட்டுவேலை கொடுத்துவிட்டுப் போகிறேன். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய படங்கள் இருக்கும். அப்பா ஹெல்மெட்டோடு, அம்மா கல்யாணத்தில், தாத்தா சுரங்க வாசலில். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் வீட்டில் இருக்கிறார்கள். சுரங்கம் மூடியது 2001இல். அதில் இறங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பெயர், ஊர், எந்த வருஷம் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். பேனா வேண்டாம். மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மெல்லிய பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். அடுத்த வாரம் கொண்டுவாருங்கள். நானும் வருகிறேன்.

அந்த நீளப் படத்தை மடிக்காமல் சுருட்டிக் கொடுங்கள், அண்ணன்.